ஏன் என்று கேட்கும் எல்லை

"திருடனுக்கு எல்லை கிடையாது, போலீசுக்கு மட்டும் எல்லை எதற்கு?" இந்த வாசகத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வங்கிக் கடனை ஏப்பம் விட்டவர் லண்டனில் உலவுகிறார் என்று செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க் கடை தொடங்கித் தலையங்கம் வரை இதுவே பேச்சு. எங்கள் நண்பர்களிலும் சிலர் இதைச் சொல்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நாடுகளின் காவல்துறைகள் ஒன்றையொன்று முழுமையாக நம்ப வேண்டும், ஒரு நாடு "பிடி" என்றால் மறுநாடு மறுபேச்சின்றிப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் நீதி நிலைக்கும் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியை மறுப்பதற்கே இதை எழுதுகிறோம்.

கதையும் கவிதையும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குப் பன்னாட்டுக் காவல் விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த மறுபேச்சற்ற ஏற்பாட்டில் அகப்பட்டவர்களுள் ஒருவர் நாவலாசிரியர்.

தோவான் அகான்லி 1957-ல் துருக்கியின் வடகிழக்கில் பிறந்தவர். 1980-ல் அந்நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தலைமறைவாக இயங்கியவர். எண்பதுகளின் நடுவில் ராணுவச் சிறையில் அடைபட்டவர். 1991-ல் ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார். 2001-ல் அந்நாட்டுக் குடிமகனானார். 1999-ல் வெளிவந்த அவருடைய 'இறுதித் தீர்ப்பு நாளின் நீதிபதிகள்' என்னும் நாவல் 1915-ன் அர்மீனியப் படுகொலையைப் பற்றியது. துருக்கிய அரசு இன்றுவரை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் நிகழ்வு அது. துருக்கிய மொழியிலேயே, துருக்கியர் ஒருவரே அதை எழுதினார் என்பதில் அவருடைய துணிச்சலும் இருக்கிறது, அவருக்கு நேர்ந்த துன்பத்தின் வேரும் இருக்கிறது.

2010 ஆகஸ்டில், நோய்வாய்ப்பட்ட தந்தையைப் பார்ப்பதற்காக அவர் இஸ்தான்புல் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அங்கேயே கைது செய்தார்கள். 1989-ல் ஒரு நாணயமாற்றுக் கடையில் நடந்த கொள்ளையிலும் கொலையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. அவர் சிறையில் இருந்தபோதே தந்தை இறந்துபோனார். டிசம்பரில் வெளியே விட்டார்கள். 2011 அக்டோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2013-ல் மேல்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. மீண்டும் பிடியாணை பிறந்தது.

2017 ஆகஸ்ட் 19 அன்று அவர் ஸ்பெயினில் கிரனாடா நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். ஸ்பெயின் போலீசார் அவர் தங்கியிருந்த விடுதிக்கே வந்து கைது செய்தார்கள். காரணம், துருக்கி இன்டர்போல் வழியாக விடுத்திருந்த கோரிக்கை. கிரனாடா என்றதும் நம்மில் பலருக்கு லோர்கா நினைவுக்கு வருவார். 1936 ஆகஸ்டில் அந்த ஊரை ஒட்டித்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எண்பத்தொரு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டில், அதே ஊரில் இன்னோர் எழுத்தாளரைத் தேடிப் போலீஸ் வந்தது. இம்முறை வந்தவர்கள் பாசிஸ்டுகள் அல்லர். ஒரு ஜனநாயக நாட்டின் சாதாரணக் காவலர்கள், கணினித் திரையில் வந்த பெயரைப் பார்த்துக் கடமையைச் செய்தார்கள். நமக்கு அச்சம் தருவது இதுதான்.

மறுநாளே நீதிபதி அவரை வெளியே விட்டார். ஆனால் மாட்ரிட் நகரை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை. அன்றைய ஜெர்மன் பிரதமர் மெர்க்கெல், இன்டர்போல் போன்ற அமைப்புகள் இவ்வாறு முறைகேடாகப் பயன்படக் கூடாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அக்டோபரில் ஸ்பெயின் அரசு அவரைத் துருக்கியிடம் ஒப்படைப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அந்நிய ஊரில் காத்துக் கிடந்த பிறகு அவர் வீடு திரும்பினார். 2021-ல் பெர்லினில் காலமானார். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத ஒரு மனிதருக்கு நேர்ந்தது இது. அவருக்காகப் பேச ஜெர்மனி இருந்தது. பேச ஒரு நாடும் இல்லாத அகதியின் கதியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். திரைப்படங்கள் நமக்கு ஊட்டியிருக்கும் இன்டர்போல் வேறு, உண்மையான இன்டர்போல் வேறு. துப்பாக்கியோடு நாடு நாடாகத் துரத்தும் அதிகாரிகள் அதற்குக் கிடையாது. எவரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. பிரான்சின் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, 196 உறுப்பு நாடுகளின் காவல்துறைகளுக்கிடையே செய்தி பரிமாறித் தரும் நிலையம் அது. நம் நாளிதழ்கள் 'ரெட் கார்னர் நோட்டீஸ்' என்று எழுதும் சிவப்பு அறிவிப்பு, பன்னாட்டுப் பிடியாணை அன்று. "இவரை நாங்கள் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள், ஒப்படைக்கக் கோரிக்கை அனுப்புகிறோம்" என்று ஒரு நாடு விடுக்கும் வேண்டுகோள். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்துகொள்ளலாம். சில நாடுகளில் அந்த அறிவிப்பை மட்டும் வைத்துக் கைது செய்ய முடியாது. வேறு சில நாடுகளில் அதுவே கைவிலங்கு.

இதைத் தவிர, ஒரு நாட்டுக் காவல்துறை தான் விரும்பும் நாடுகளுக்கு நேரடியாக அனுப்பும் சுற்றுச் செய்திகளும் உண்டு. அறிவிப்புகளில் பெரும்பாலானவை பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. தன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பலர் விமான நிலையத்துச் சோதனை மேசையில்தான் அறிகிறார்கள். 2005-ல் ஏறத்தாழ 2,300 சிவப்பு அறிவிப்புகள் வெளியாயின. 2017-ல் அந்த எண்ணிக்கை 13,000-ஐத் தாண்டியது. கணினி வழியே கோரிக்கை அனுப்புவது எளிதாகிவிட்டது. அவ்வளவையும் பிரித்துப் படித்து உள்நோக்கம் தேடுவது அவ்வளவு எளிதன்று.

இன்டர்போலின் சாசனம் நல்ல சாசனம்தான். அரசியல், ராணுவ, மத, இனத் தன்மையுள்ள விவகாரங்களில் தலையிடுவது கண்டிப்பாகக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஆனால் எந்த அரசாவது "இவர் நாவல் எழுதினார், பிடியுங்கள்" என்று எழுதி அனுப்புமா? கொள்ளை என்று எழுதும், மோசடி என்று எழுதும், பயங்கரவாதம் என்று எழுதும். சாசனத்தை மீறாமலே சாசனத்தை ஏமாற்றத் தெரிந்த அரசுகள் உலகில் நிறைய உண்டு.

நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். "மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமென்ன? குற்றமற்றவர் நீதிமன்றத்துக்குப் போய் நிரூபித்துக்கொள்ள வேண்டியதுதானே?" அகான்லி அதைத்தானே செய்தார்! தானே போனார், சிறையில் இருந்தார், தந்தையை இழந்தார், வழக்கை நடத்தினார், விடுதலையும் பெற்றார். அதன் பிறகும் அந்த விடுதலையைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது நாட்டில் அவருக்கு வலை விரித்தார்கள். மடியில் கனமில்லாதவருக்கும் வழியில் பயம் உண்டு, வழிப்பறி செய்பவனே காவலனின் உடையில் நிற்கும்போது.

இன்னொரு சான்று வேண்டுமா? ஹக்கீம் அல்-அரைபி என்ற கால்பந்து வீரரைப் பாருங்கள். பஹ்ரைன் அரசின் அடக்குமுறைக்குத் தப்பி ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அந்நாடு 2017-ல் அவரை முறைப்படி அகதியாக ஏற்றுக்கொண்டது. காவல்நிலையம் ஒன்றைச் சேதப்படுத்தினார் என்று அவர் இல்லாமலே பஹ்ரைன் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்திருந்தது. 2018 நவம்பரில் மனைவியோடு தேனிலவுக்குப் பாங்காக் போய் இறங்கியதும் சிவப்பு அறிவிப்பின்பேரில் கைதானார். தப்பி வந்த நாடே கேட்கும்போது அகதியின் மீது அறிவிப்பு நிற்கக் கூடாது என்பது இன்டர்போலின் சொந்த விதி. ஆகவே சில நாட்களில் அறிவிப்பை விலக்கிக்கொண்டது. ஆனால் சிறைக்கதவு திறக்கவில்லை. 2019 பிப்ரவரிவரை, 76 நாட்கள், அவர் தாய்லாந்துச் சிறையில் கிடந்தார். இதில் கொடுமை என்னவென்றால், அவர் வருகிறார் என்ற தகவலைத் தாய்லாந்துக்குக் கொடுத்தது அடைக்கலம் தந்த ஆஸ்திரேலியாவின் காவல்துறையேதான். அங்கே எவருக்கும் அவர்மீது பகை இருந்ததாகச் சொல்ல முடியாது. திரையில் பெயர் வந்தது, தகவல் போனது. அவ்வளவுதான். ஒத்துழைப்பு என்னும் சொல்லுக்குள் யோசிக்காமை ஒளிந்துகொள்ளும் விதம் இது.

வரலாறும் இதையே சொல்கிறது. இன்டர்போலின் முன்னோடியான பன்னாட்டுக் குற்றவியல் காவல் ஆணையம் 1923-ல் வியன்னாவில் தோன்றியது. கள்ளநோட்டு அடிப்பவர்களையும் ஆள்கடத்தல்காரர்களையும் பிடிக்க நல்லவர்கள் சேர்ந்து தொடங்கிய வேலை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அந்த ஆணையமும் அதன் கோப்புகளும் நாஜிகளின் கைக்குப் போயின. 1940-ல் அதன் தலைவராக வந்து அமர்ந்தவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ். 1942 ஜனவரியில் பெர்லினை அடுத்த வான்சேயில் யூத இன அழிப்பைத் திட்டமிட்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதே ஹைட்ரிஷ். போருக்குப் பிறகு அமைப்பைப் புதிதாகக் கட்டினார்கள் என்பது உண்மை. இன்றைய இன்டர்போலை நாஜி அமைப்பு என்று நாங்கள் சொல்லவில்லை, அது அநியாயம். எவரும் யாரையும் கேள்வி கேட்காமல் நம்பும் வலை, பிடிப்பவர் கைமாறும்போது என்ன ஆகும் என்பதற்கு மட்டும் இது சாட்சி.

அண்மைக் காலத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. 2016-ல் இன்டர்போலின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சீனாவின் மெங் ஹோங்வெய். 2018 செப்டம்பரில் அவர் தன் நாட்டுக்குப் போனார், காணாமல் போனார். உலகக் காவல்துறைகளின் தலைவர் எங்கே என்று அவருடைய மனைவி லியோனில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு ராஜினாமாக் கடிதம் ஒன்று வந்தது, இன்டர்போல் ஏற்றுக்கொண்டது. 2020-ல் லஞ்சக் குற்றத்துக்காகப் பதின்மூன்றரை ஆண்டுத் தண்டனை என்று செய்தி வந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நாம் அறியோம். தன் தலைவருக்கு என்ன நேர்ந்தது என்று உரக்கக் கேட்க முடியாத அமைப்பு, பெயர் தெரியாத அகதிக்காக எவ்வளவு கேட்டுவிடும்?

சரி, அப்படியானால் கொலைகாரனும் கொள்ளைக்காரனும் எல்லை தாண்டித் தப்பிக்கட்டும் என்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. போபாலை மறந்தவர்கள் அல்லர் நாங்கள். 1984 டிசம்பர் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இரவில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சனை டிசம்பர் 7 அன்று கைது செய்தார்கள். அன்றே ஜாமீனில் விட்டு, அரசு விமானத்தில் டில்லிக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் அமெரிக்கா போனார், திரும்பவில்லை. 1992-ல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. அவரை ஒப்படைக்கும்படி இந்தியா முறையாகக் கேட்டது 2003-ல். 2004-ல் அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. 2014-ல் அவர் ஃபுளோரிடாவில் முதுமையால் இறந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தாளரையும் பந்து விளையாடுபவரையும் நள்ளிரவென்றும் விடுதியென்றும் பாராமல் தேடிப் பிடித்த பன்னாட்டு ஒத்துழைப்பு, முகவரி தெரிந்த வீட்டில் முப்பதாண்டு இருந்த ஒரு நிறுவனத் தலைவரின் கதவைத் தட்டவில்லை. வலை சின்ன மீனுக்கு, வழி பெரிய மீனுக்கு. போலீசுக்கு எல்லை வேண்டாம் என்று முழங்கும் நண்பர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். எல்லையை அழித்தால் ஆண்டர்சன்கள் அகப்படுவார்கள் என்று எண்ணுவது பேதைமை. அகப்படுவார்கள் அகான்லிகள்.

"ஏன்" என்று கேட்கும் உரிமையைத்தானே அமெரிக்காவும் ஆண்டர்சன் விஷயத்தில் பயன்படுத்தியது என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான மடக்கு. எங்கள் விடை இது: அமெரிக்கா கேள்வி கேட்டதில் பிழையில்லை, கேட்ட இடத்தில்தான் பிழை. ஒப்படைப்புக் கோரிக்கை எந்த நீதிமன்றத்தின் முன்னும் போகவில்லை. உடன்படிக்கையின் விதிகளை நிறைவு செய்யவில்லை என்று அலுவலகத்திலேயே கதை முடிந்தது. போபாலின் விதவைகள் தங்கள் சாட்சியத்தை எந்த அமெரிக்க நீதிபதியிடமும் அதற்காகச் சொல்ல முடியவில்லை. கிரனாடாவில் பிடித்தபோதும் பூட்டிய அறைக்குள் முடிவு, ஃபுளோரிடாவில் விட்டபோதும் பூட்டிய அறைக்குள் முடிவு. நாங்கள் கேட்பது, பிடிப்பதானாலும் விடுவதானாலும் காரணம் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட வேண்டும் என்பது.

இது எட்டாக்கனி அன்று. நம் நாட்டின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமே இதற்கு வழி செய்திருக்கிறது. அயல்நாடு ஒருவரைக் கேட்டால் மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். வழக்குக்கு முகாந்திரம் இல்லையென்றால் அவரை விடுவிக்க வேண்டும். அரசியல் தன்மையுள்ள குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கக் கூடாது. இதே கேள்விகளை அயல்நாட்டு நீதிபதிகள் நம்மிடம் கேட்டால் மட்டும் நம் பத்திரிகைகளுக்குக் கோபம் வருகிறது. நம் சி.பி.ஐ.யின் கோரிக்கைகளை இன்டர்போல் சிலமுறை திருப்பி அனுப்பியதுண்டு. அதைத் தேசத்துக்கு நேர்ந்த அவமானமாகச் சித்திரிக்கிறார்கள். திருப்பி அனுப்புவது அவமானம் அன்று. சான்று போதாது என்று பொருள். சான்றைத் திரட்டுங்கள், மறுபடி கேளுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதையெல்லாம் தொலைதேசத்துக் கதை என்று ஒதுக்க உரிமையில்லை. 1908-ல் வ.உ.சி.க்குக் கொடுந்தண்டனை விதித்த அதே ஆண்டில், சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின்மீது வழக்குப் பாய்ந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் ஒற்றர்கள் அங்கும் பின்தொடர்ந்தார்கள், தொல்லை கொடுத்தார்கள். ஆனால் அவரைக் கட்டி இழுத்துவர முடியவில்லை. பத்தாண்டு அந்த எல்லைக்குள் இருந்தார். 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்டு'ம் 'கண்ணன் பாட்டு'ம் அங்கே பிறந்தவை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் கால்வைத்ததும் கைது செய்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் அரசின் சட்டப்படி பாரதி தேடப்படும் ஆள் என்பதை மறக்க வேண்டாம். போலீசுக்கு எல்லை எதற்கு என்று கேட்கும் நண்பரே, அந்த எல்லை இல்லாதிருந்தால் உங்கள் புத்தக அலமாரியில் எந்த நூல்கள் இருந்திருக்கும்?

1910-ல் நடந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். அவ்வாண்டு ஜூலையில், கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கடலில் குதித்துப் பிரெஞ்சுக் கரையேறினார். ஒரு பிரெஞ்சுக் காவலர் பிடித்தார். கேள்வியின்றிக் கப்பலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரான்ஸ் பிறகு எதிர்த்தது. வழக்கு ஹேக் நடுவர் மன்றம்வரை போனது. ஒப்படைத்த முறையில் ஒழுங்கீனம் இருந்தாலும் திருப்பித் தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று 1911 பிப்ரவரியில் மன்றம் தீர்ப்பளித்தது. சாவர்க்கரின் பிற்கால அரசியலை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பது வேறு விவாதம். லண்டனில் அவரோடு இருந்த வ.வே.சு. ஐயர் அதே 1910-ல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 'குளத்தங்கரை அரசமரம்' அங்கிருந்து எழுதியது. திருக்குறளை அங்கிருந்தே ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டு இடத்திலும் பறந்தது ஒரே பிரெஞ்சுக் கொடிதான். ஓரிடத்தில் காவலர் ஒருவரின் சில நிமிட உதவி எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பிறகு நடந்த சட்ட வாதம் எதையும் மீட்கவில்லை. முதலில் பிடி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் மார்செயை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது வலை இன்னும் விரிகிறது. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இணையக் குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் அது கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. பெயர்தான் இணையக் குற்றம். நான்காண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க எந்தக் 'கடுங்குற்ற'த்துக்கும் மின்னணுச் சான்றுகளைத் திரட்டித் தர நாடுகள் ஒத்துழைக்க அது வழி செய்கிறது. நான்காண்டு என்பதை யார் முடிவு செய்வது? அந்தந்த நாட்டின் சட்டம். ஆள்வோரைக் கேலி செய்வது ஒரு நாட்டில் ஐந்தாண்டுக் குற்றமானால், அங்கே அது கடுங்குற்றம்தான். மறுக்கவும் உடன்படிக்கையில் இடமிருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் மறுக்கும் மனம் காவல்துறை அலுவலகத்துக்குத் தானாக வராது; நீதிமன்றமும் பத்திரிகையும் வாசகரும் கேட்டால்தான் வரும்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. சிவப்பு அறிவிப்பை மட்டும் வைத்து எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது. அடைப்பதற்கு முன் சான்றின் சுருக்கத்தையாவது ஒரு நீதிபதி பார்த்திருக்க வேண்டும். அகதியைத் தப்பி வந்த நாட்டிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பொய்க் கோரிக்கை அனுப்பிப் பிடிபடும் அரசின் அடுத்த கோரிக்கைகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். முகவரியுள்ள பெரிய மனிதரை ஒப்படைக்க மறுத்தால், பாதிக்கப்பட்டவர் காதில் விழும்படி காரணம் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தால் காவல்துறைகளின் ஒத்துழைப்பு குலைந்துவிடாது. மக்கள் நம்பக்கூடிய ஒத்துழைப்பாக அது ஆகும்.

அடுத்தமுறை நாளிதழில் "ரெட் கார்னர் நோட்டீஸ்" என்ற கொட்டை எழுத்தைக் காணும்போது, பெயருக்குரியவர் குற்றவாளி என்று உடனே தீர்த்துவிடாதீர்கள். கேட்பது யார், எதற்குக் கேட்கிறார்கள், எந்த நீதிபதி சான்றைப் பார்த்தார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெயருக்குரியவர் உண்மையான திருடராகவே இருக்கலாம், அப்போதும் கேளுங்கள். திருடரிடம் கேட்கப் பழகாத கேள்வி, கவிஞர் அகப்படும் அன்றைக்கு நாவில் வராது.